நடக்கிறம் எண்டு சொல்லுங்கோ

ஸ்ரௌவ்வில்
9 மே 2025

எமில்டா,

வட்சப்பிலை நீ என்னைப் புளொக் பண்ணிப்போட்டாய். ஈமெயிலைப் புளொக் பண்ண உனக்குத் தெரியாது எண்டு மகள் மெலிசா சொன்னாள். அதாலை இதை எழுதுறன். எனக்கு ரைப் பண்ணக் கை வராது எண்டு உனக்குத் தெரியும். ஒரு விரலாலை குத்திக் குத்தி எழுதுறன். அதை யோசிச்சாவது முழுசா வாசி.

நீ வெளிக்கிட்ட அண்டு உன்ரை வாசலிலை நிண்டு நான் சத்தம் போட்டது பிழை எண்டு மகள் சொல்லுறாள். சத்தம் போட்டது பிழைதான். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் புல்லு வெட்டுறதை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தவர். ஆனால் சொன்னது பிழையில்லை.

நீ எனக்கு என்ன சொன்னனீ? கிரேக்க நாட்டிலை ஒரு சின்னத் தீவாம், அங்கை ரண்டு கிழமை நடக்கப் போறியளாம், றூஜ் பார்க்கிலை சனிக்கிழமையிலை உன்னோடை நடக்கிற ஆக்கள் எல்லாமாய் ஆறுபேராம். நானும் நம்பி உனக்கு மழைக்கோட்டு வாங்கித் தந்தனான். பிறகு மார்க்கம் ரோட்டுத் தமிழ்க்கடையிலை மீன் வெட்டக் குடுத்துப்போட்டு நிக்கேக்கை யோகமலர் வந்து கேக்கிறா, "உங்கடை மச்சாளும் பஸ்ரியனும் மட்டுந்தானாமே போகினம்?" எண்டு. ஓம், எனக்குத் தெரியும் எண்டு சொன்னன். வெட்டக் குடுத்த மீனையும் விட்டிட்டு வந்து காரிலை ஏறினன்.

மரியோவுக்கு ரெலிபோன் அடிச்சுக் கேட்டால், அவன் ஒட்டாவாவிலை இருந்துகொண்டு, "ஓம் மாமி, அம்மா சொன்னவ" எண்டுறான். உன்ரை மகனுக்குத் தெரியும். யோகமலருக்குத் தெரியும். உன்னைப் பேசி என்ரை தம்பிக்குக் கட்டிவைச்ச எனக்குத் தெரியாது. தம்பி றெஜினோல்ட் செத்து இன்னும் ஆறு வருசம் முடியேல்லை. ஹோலிலை அவன்ரை படம் தொங்குது. அதுக்கு முன்னாலை பெட்டியை உருட்டிக்கொண்டு வெளிக்கிட்டனீ.

ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன், நேராச் சொல்லு. அறை ஒண்டோ, ரண்டோ?

உன்ரை தக்காளிக் கண்டுகளுக்கு ஆர் தண்ணி ஊத்துறது? சாவி என்னட்டைக் கிடக்கு. நீ கேட்டால் போவன். கேக்காட்டிலும் போவன், கண்டு என்ன பாவம் செய்தது.

செரீனா


லிவாதியா, திலோஸ் தீவு
11 மே 2025

அன்பான மச்சாளுக்கு,

அறை ரண்டு. நடுவிலை வீட்டுக்காரியின்ரை குசினி இருக்கு. ஒரு அறையா இருந்திருந்தாலும் ஒண்டு எண்டுதான் எழுதியிருப்பன். இனி உங்களுக்குப் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன்.

ஆறுபேர் எண்டு நான் சொன்னது பொய்யில்லை. சொல்லேக்கை ஆறுபேர்தான். பிறகு ஒராளின்ரை மகளுக்குப் பிள்ளை முந்திப் பிறந்திட்டுது. இன்னொராளுக்கு முழங்கால் பிடிச்சிட்டுது, அவவோடை வாறதா இருந்த தங்கச்சியும் இல்லையெண்டிட்டா. மற்றவவுக்கு லீவு கிடைக்கேல்லை. மிஞ்சினது நானும் பஸ்ரியனும். அவர் ரெலிபோனிலை சொன்னார், "நீர் போறதெண்டால் நான் வாறன். நீர் நிப்பாட்டினால் நானும் நிப்பாட்டுறன். ரண்டும் எனக்குச் சரி" எண்டு. அண்டைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் வேண்டாம் எண்டுவியள். நீங்கள் வேண்டாம் எண்டால் நான் போகமாட்டன். எனக்குப் போக விருப்பமா இருந்தது மச்சாள், அவ்வளவுதான் காரணம். மரியோவுக்குச் சொன்னது, எனக்கு ஏதும் நடந்தால் ஆருக்காவது தெரிஞ்சிருக்க வேணும் எண்டதாலை.

யோகமலரின்ரை வாயாலை நீங்கள் கேக்க வேண்டி வந்ததுதான் எனக்கு மனவருத்தம். வட்சப்பைத் திறந்துவிட்டிருக்கிறன். எண்டாலும் இப்பிடியே எழுதுங்கோ. நீங்கள் வட்சப்பிலை ஏசினால் நானும் உடனை ஏதும் சொல்லிப்போடுவன். இதெண்டால் வாசிச்சுப்போட்டு ஒருக்கால் நடந்திட்டு வந்து பதில் எழுதலாம்.

றோட்ஸ் எண்ட பெரிய தீவிலையிருந்து கப்பலிலை வந்தனாங்கள். இறங்கினால் வளைஞ்ச ஒரு கடற்கரை, முழுக்கக் கூழாங்கல்லு. வெள்ளை வீடுகள், பின்னாலை மொட்டை மலையள். தீவு முழுக்கச் சில நூறு சனந்தான், ஆடுகள் அதிலும் பாக்கக் கூட. காலமை வீட்டுக்காரி பாணும் தயிரும் தேனும் தருவா. சாப்பிட்டுப்போட்டுத் தண்ணிப்போத்தலையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் பின்னேரந்தான் திரும்புறது. கழுதையள் போன பழைய பாதை, ரண்டு பக்கமும் கல்லு மதில். கால் படுற இடமெல்லாம் ஏதோ மணக்குது. ஓரிகானோவாம். பீட்சாவிலை தூவுற சாமான் இப்பிடிப் பத்தையாய் நிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்.

நேற்று மேலை ஒரு ஆளில்லாத ஊருக்கு ஏறினம். கூரையில்லாத வீடுகள். பாத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கும் எண்டு நினைச்சுத் தயங்கித் தயங்கித்தான் போனன். ஒண்டும் செய்யேல்லை. அங்கை குண்டு விழேல்லை மச்சாள். துறைக்குக் கிட்ட இருக்கிறது வசதியெண்டு சனம் கீழை இறங்கி வந்ததாம், வரேக்கை கூரைமரத்தையும் கழட்டிக்கொண்டு வந்ததாம். வீட்டை விட்டுப் போறதுக்கு இப்பிடியும் ஒரு விதம் இருக்கு எண்டு யோசிச்சுக்கொண்டு இறங்கினன்.

உங்களுக்குத் தெரிஞ்ச பஸ்ரியன், பூசை முடிய முந்திக் காரை எடுத்துக்கொண்டு போற மன்னார் மனுசன். மனுசி செத்தாப்பிறகு ஆரோடையும் முகம்குடுத்துக் கதைக்கிறேல்லை எண்டு நீங்களே சொல்லியிருக்கிறியள். இஞ்சை ஆள் ஆட்டோடையும் கதைக்கிறார். எனக்கு முன்னாலை நடப்பார். கல்லு ஏறுற இடத்திலை நிண்டு திரும்பிப் பாப்பார். தானாக் கை தரமாட்டார், கேட்டால் தருவார். அது எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆதிகாலத்திலை இந்தத் தீவிலை மாட்டளவு யானையள் திரிஞ்சதாம். எலும்புகளைக் கண்ணாடிக்குள்ளை வைச்சிருக்கினம். அவர் கனநேரம் பாத்துப்போட்டுச் சொன்னார், "சின்ன இடத்திலை சீவிக்கிறதெண்டால் பெரிய உடம்பு தேவையில்லைப் போலை."

தக்காளிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி காணும். கேக்காமலே போயிருப்பியள் எண்டு தெரியும்.

அன்புடன்
எமில்டா


ஸ்ரௌவ்வில்
14 மே 2025

எமில்டா,

தக்காளி உயிரோடை இருக்கு. ஒண்டு சரிஞ்சு நிண்டது, தடி கட்டிவிட்டன்.

உன்ரை கடிதத்தை முதல் கோவத்தோடை வாசிச்சன். பிறகு மெலிசாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவள் ரெலிபோனை நோண்டிக்கொண்டே, "அம்மா, மாமி ஹாப்பியா இருக்கிறா. லெற் ஹேர் பி" எண்டிட்டு எழும்பிப் போட்டாள். இவருக்குச் சொன்னன். "பஸ்ரியன் நல்ல மனுசன். என்ரை கார் பற்றரி செத்த அண்டு பனிக்குள்ளை நிண்டு ஸ்ரார்ட் பண்ணித் தந்தவர்" எண்டார். ஒராளை நல்ல மனுசன் எண்டுறதுக்கு இவருக்கு ஒரு பற்றரி காணும்.

தண்ணி ஊத்திப்போட்டு உன்ரை குசினியிலை கொஞ்சநேரம் இருந்தன். ஒரு கோப்பை, ஒரு பீங்கான், ஒரு கரண்டி கழுவிக் கவிட்டபடி கிடந்தது. தம்பி இருந்த காலத்திலை உந்தக் குசினியிலை ஒரு சொல்லுக் கதைக்க ஏலாது. அவன் கதைப்பான், ரேடியோ கதைக்கும், நீ ரண்டுக்கும் மேலாலை கத்துவாய். இப்ப பிறிட்ஜ் இரையிற சத்தம் மட்டுந்தான். நான் ஞாயிற்றுக்கிழமையிலை வந்து சாப்பிட்டுப்போட்டு உன்ரை பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போறனான். நான் போன பிறகு உந்த வீடு எப்பிடி இருக்கும் எண்டு ஒருநாளும் யோசிச்சதில்லை. அழுதிட்டன். எழுத வெக்கமா இருக்கு, ஆனால் அழுதன்.

பிறகு ஹோலுக்குப் போய்த் தம்பியின்ரை படத்தைப் பாத்துச் சொன்னன், "டேய், அவள் தனிய இருக்கிறாளடா. நீ குறை நினையாதை" எண்டு. அவன் குறை நினைக்கிற ஆளில்லை. குறை நினைச்சது நான்தான்.

ஆனபடியால் கேள். நான் ஒரு முடிவுக்கு வந்திட்டன். கட்டுறதெண்டால் ஒழுங்காக் கட்டுங்கோ. ஃபாதரிட்டைச் சாடையா விசாரிச்சன். ரண்டு பேரும் துணையை இழந்த ஆக்கள், ஒரு தடையும் இல்லையாம். செப்ரெம்பரிலை கோயில் மண்டபம் வெறுமையாக் கிடக்காம். பெரிசாச் செய்யத் தேவையில்லை, எங்கடை ஆக்கள் மட்டும். சீலைக்குக் கடுஞ்சிவப்பு வேண்டாம். உனக்கு இளம்பச்சை எடுப்பா இருக்கும். யோகமலருக்கு நானே சொல்லுவன். இந்த முறை அவ என்னட்டைக் கேட்டு அறியட்டும்.

இஞ்சை ஸ்ரௌவ்விலிலை ரோட்டாலை நடந்தால் பக்கத்து வீட்டுக்காரன் காரை நிப்பாட்டி, "உங்கடை கார் பழுதோ, ஏத்திக்கொண்டு போகட்டோ" எண்டு கேக்கிறான். நேற்று உன்ரை கடிதத்தை வாசிச்சுப்போட்டு நானும் ஒரு சுத்து நடந்து பாத்தனான். அப்பிடித்தான் தெரியும்.

செரீனா


லிவாதியா
18 மே 2025

அன்பான மச்சாளுக்கு,

உங்கடை கடிதத்தை வாசிச்சு நானும் அழுதனான். நீங்கள் படத்துக்கு முன்னாலை சொன்னதையே நினைச்சுக்கொண்டு ஒரு முழு மலை ஏறினன்.

ஆனால் மண்டபத்தைப் பிடிச்சுப்போடாதேங்கோ.

வெள்ளிக்கிழமை தீவின்ரை மற்றக் கரையிலை இருக்கிற பழைய மடம் ஒண்டுக்குப் போனம். மலைச்சரிவிலை மரங்களுக்கு நடுவிலை இருக்கு, உள்ளை ஒரு ஊத்து. தண்ணி குடிச்சுப்போட்டு மதிலிலை இருந்தம். பஸ்ரியன் பையுக்கை இருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்துத் தக்காளிக்குத் தூவி எனக்கும் தந்தார். ஊரிலையிருந்து வந்த தூளில்லை, மார்க்கம் ரோட்டுத் தூள்தான். பேந்து கடலைப் பாத்துக்கொண்டு சொன்னார், "எமில்டா, நான் ஒண்டு கேப்பன். விருப்பமில்லையெண்டால் இல்லையெண்டு சொல்லும். நாங்கள் கலியாணம் செய்தால் என்ன?"

நான் இல்லையெண்டு சொன்னன் மச்சாள்.

உடனை சொன்னன். அவ்வளவு கெதியாச் சொல்லுவன் எண்டு எனக்கே தெரியாது. அவர் தலையை ஆட்டினார். தக்காளியைச் சாப்பிட்டு முடிச்சார். திரும்பி வரேக்கை பஸ்ஸிலை முழுக்க யன்னலாலை பாத்துக்கொண்டு வந்தார்.

அடுத்தநாள் நான் எழும்பி வர, ஆள் தனிய வெளிக்கிட்டிட்டார். கெரா எண்ட பக்கமாப் போனவராம், வீட்டுக்காரி கையைக் காட்டினா. எனக்கு முதல் கோவந்தான் வந்தது. கேட்டதும் நீங்கள், கோவிக்கிறதும் நீங்களோ எண்டு. மத்தியானமாச்சு, ஆள் வரேல்லை. கடற்கரையிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தன். வெயில் சரியத் தொடங்க என்ரை கோவம் பயமாய்ப் போட்டுது. தண்ணியை எடுத்துக்கொண்டு நானும் வெளிக்கிட்டன்.

என்ரை சீவியத்திலை நான் மலையிலை தனிய நடந்ததில்லை. முதல் வளைவோடை ஊர் மறைஞ்சிட்டுது. எங்கையோ ஆட்டு மணி கேட்டுது, வேறை ஒரு சத்தமும் இல்லை. பாதை எது, ஆடு போன தடம் எது எண்டு தெரியாது. கல்லுகளிலை சிவப்புப் பொட்டு வைச்சிருக்கினம், அதைத்தான் தேடித் தேடி நடந்தன். ஒரு இடத்திலை பொட்டைக் காணேல்லை. கொஞ்சம் திரும்பிப் போய் நிண்டு வடிவாப் பாத்தன். பத்தைக்குப் பின்னாலை இருந்தது. அந்தப் பொட்டைக் கண்டவுடனை எனக்கு வந்த சந்தோசத்தை உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது. அவரைத் தேடி வந்தனான் எண்டதையே கொஞ்சநேரம் மறந்துபோனன்.

ஆள் ஒரு இடிஞ்ச வீட்டு நிழலிலை இருந்தார். ஒரு சப்பாத்தின்ரை அடி முழுசாக் கழண்டு போச்சுது. சப்பாத்துக் கயித்தாலை கட்டிப் பாத்து, அது அறுந்துபோக, இடுப்பு பெல்ற்றைக் கழட்டிச் சப்பாத்தைச் சுத்திக் கட்டிக்கொண்டு, மற்றக் கையாலை காற்சட்டையைப் பிடிச்சபடி எழும்பினார். நான் பாத்தன், அவர் பாத்தார். ரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்கேலாமல் போச்சுது.

சிரிச்சு முடியச் சொன்னார், "நீர் ஏன் இல்லையெண்டனீர் எண்டு நான் கேக்கேல்லை."

"கேளுங்கோ" எண்டன்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுறன். றெஜியோடை நான் சந்தோசமாத்தான் இருந்தனான். கடைசி வருசங்களிலை டயலிசிஸ், மருந்து, உப்பில்லாச் சாப்பாடு எண்டு அவரைப் பாத்ததையும் நான் குறையாச் சொல்லேல்லை. ஆனால் மச்சாள், நீங்கள் பாத்து அழுத அந்தக் கோப்பை எனக்கு நல்ல விருப்பம். காலமை எழும்பி, ஆரும் ஒண்டும் கேக்கமுதல், எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊத்தி யன்னலடியிலை இருந்து குடிக்கிறனான். ஐயா வீட்டிலை இருந்து அக்கா வீடு, அங்கையிருந்து றெஜியின்ரை வீடு. தனிய ஒரு வீட்டிலை நான் இருந்தது இந்தக் கொஞ்ச வருசந்தான். முதல் வருசம் அந்த அமைதி பயமா இருந்தது. பிறகு பழகிச்சுது. இப்ப அதை நான் ஆருக்காகவும் விடமாட்டன், பஸ்ரியனுக்காகவும் விடமாட்டன். சனிக்கிழமை அவரோடை நடப்பன். எங்கை போறதெண்டாலும் அவரோடை போவன். வீட்டை வந்தால் நான் என்ரை வீட்டிலை, அவர் அவற்ரை வீட்டிலை.

அவர் கனநேரம் அந்தப் பெல்ற்றோடை மினக்கெட்டார். பிறகு, "எனக்கும் ரிவியிலை மல்யுத்தம் பாக்க வேணும். மனுசி இருக்கேக்கை விடுறேல்லை" எண்டார். அப்பிடிச் சொன்னாலும் அவருக்கு மனம் நொந்துதான் இருந்தது, முகத்திலை தெரிஞ்சுது. அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது.

திரும்பி வரேக்கை நான் முன்னாலை நடந்தன்.

எமில்டா


ஸ்ரௌவ்வில்
19 மே 2025

எமில்டா,

இண்டைக்கு விக்ரோரியா டே லீவு. இவர் பின்வளவிலை கோழி வாட்டுறார். நான் உள்ளை உன்ரை கடிதத்தோடை இருக்கிறன்.

அந்த மனுசனோடை நீ போனாய் எண்டு முதல் எனக்குக் கோவம். அந்த மனுசனைக் கட்டமாட்டன் எண்டு நீ சொல்ல இப்பவும் கோவம். மெலிசா என்னைப் பாத்துச் சிரிக்கிறாள். ஃபாதருக்கு நான் என்ன சொல்லுறது? யோகமலருக்கு நேற்று அரைவாசி சொல்லியும்போட்டன். கலியாணம் எண்டால் கலியாணம் எண்டு சொல்லலாம். ஒண்டுமில்லையெண்டால் ஒண்டுமில்லையெண்டு சொல்லலாம். உதுக்கு என்ன பேர்? கேக்கிற ஆக்களுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?

நீ அந்தக் கோப்பையைப் பற்றி எழுதினது எனக்கு உடனை விளங்கேல்லை. என்ரை வீட்டிலை நான் தனிய இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்ச நாளை யோசிச்சுப் பாத்தன். ஒண்டும் ஞாபகம் வரேல்லை. இப்பவும் பின்வளவிலையிருந்து உப்பு எங்கை எண்டு கூப்பிடுறார். கோழி வாட்டுற ஆளுக்கு உப்பு எங்கை எண்டு தெரியாது.

நான் போறன்.

செரீனா


லிவாதியா
21 மே 2025

அன்பான மச்சாளுக்கு,

நடக்கிறம் எண்டு சொல்லுங்கோ. அது முழு உண்மை. அதுக்குமேலை தெரிய வேணுமெண்டால் எனக்கு ரெலிபோன் அடிக்கச் சொல்லுங்கோ. யோகமலர் அடிக்கமாட்டா. ஃபாதருக்கு நானே வந்து சொல்லுறன்.

இஞ்சை சப்பாத்துக்கடை இல்லை. வீட்டுக்காரி தன்ரை அண்ணையின்ரை சப்பாத்தொண்டு கொண்டுவந்து குடுத்தா. பஸ்ரியனுக்கு அது பெரிசு. அதுக்குள்ளை ரண்டு சோடி மேசு போட்டுக்கொண்டு தாராப் போலை நடக்கிறார். வீட்டுக்காரி அண்டைக்கு என்னட்டைக் கேட்டா, உவர் உன்ரை புருசனோ எண்டு. இல்லை, ஒண்டா நடக்கிறனாங்கள் எண்டன். சரியெண்டு தலையை ஆட்டிப்போட்டு, முட்டை அவிக்கட்டோ பொரிக்கட்டோ எண்டு கேட்டா.

முந்தநாள் முழுக்க அவர் கனக்கக் கதைக்கேல்லை. நேற்றுக் காலமை, வழமை போலை என்ரை கதவைத் தட்டி, "இண்டைக்கு எந்தப் பக்கம்?" எண்டு கேட்டார். எனக்கு அது காணும். கடற்கரை ஓரமா வடக்கை போனம். கால் நனைச்சம். சண்டைபிடிக்க ஒண்டும் இருக்கேல்லை.

நீங்கள் ஒண்டு செய்யுங்கோ மச்சாள். தக்காளிக்குத் தண்ணி ஊத்திற சாட்டிலை ஒருநாள் வெள்ளண என்ரை வீட்டை போங்கோ. ரெலிபோனைக் காருக்குள்ளை விட்டிட்டுப் போங்கோ. தேத்தண்ணி ஊத்தி யன்னலடியிலை இருந்து குடியுங்கோ. கோப்பை எது எண்டு தெரியுந்தானே.

எமில்டா


ஸ்ரௌவ்வில்
22 மே 2025

எமில்டா,

போனன். குடிச்சன். நீ சீனியை எங்கையெல்லாம் ஒளிச்சு வைக்கிறாய். ஒருத்தரும் கூப்பிடேல்லை. கொஞ்சநேரம் எண்டு நினைச்சுத்தான் இருந்தனான், திரும்பிக் காருக்கு வர இவர் ஏழு தரம் அடிச்சிருக்கிறார். என்ன அவசரம் எண்டு கேட்டன். ஒண்டுமில்லை, எங்கை எண்டு பாத்தனான் எண்டார்.

யோகமலரைக் கண்டன். "நடக்கினம்" எண்டு சொன்னன். "எங்கை?" எண்டு கேட்டா. "போற இடமெல்லாம்" எண்டன்.

சனிக்கிழமை எயாப்போட்டுக்கு நான் வாறன். வேண்டாம் எண்டு எழுதாதை. பஸ்ரியனையும் ஏத்துவன், மனுசன் தாரா நடை நடந்து ராக்சி தேடத் தேவையில்லை. ஒண்டு மட்டும் சொல்லு. அவரை எங்கை இறக்கிறது, அவற்ரை வீட்டையோ, உன்ரை வீட்டையோ? வேறை ஒண்டுக்கும் கேக்கேல்லை. வழிக்குத்தான் கேக்கிறன்.

செரீனா


றோட்ஸ்
23 மே 2025

மச்சாள்,

வழியெண்டு பாத்தால் வெக்ஸ்போர்ட்தான் முதல் வரும், என்ரை வீடு. எண்டாலும் முதல் மோர்னிங்சைட்டுக்குப் போய் அவரை இறக்குவம். பிறகு திரும்பி வருவம். சுத்துத்தான், பரவாயில்லை.

என்ரை வீட்டடியிலை காரை ஓடவிட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. நிப்பாட்டிப்போட்டு உள்ளை வாங்கோ. வீட்டிலை அண்ணைக்குப் பிந்தும் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ.

எமில்டா